ஆறு தோள் காணும்

குருத்து ஞாயிறு. பூசை முடிந்தும் சனம் வீட்டுக்குப் போகவில்லை. கையில் பிடித்த ஓலையோடு கோயில் முற்றத்திலேயே நின்றது. வேப்ப மரத்தடியில், இரண்டு வாங்குப் பலகைகளின் மேல், நான் செய்த தூம்பா இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்குத் தூம்பா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கும் ஆண்டவரின் திருவுருவத்தைக் கிடத்தி, தோளில் சுமந்து ஊரைச் சுற்றிக் கொண்டுவரும் பெட்டி அது. மன்னார்த் தீவில் எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கிறிஸ்து பிறந்த நத்தாரைவிடப் பெரிய நாள் அதுதான்.

அன்றைக்குத் திருவுருவத்துக்குப் பதிலாக உள்ளே மண் மூட்டைகளை அடுக்கியிருந்தோம்.

“தூக்குங்கோ!” என்றார் சந்தியா மூப்பர். கோயில் காரியங்களை எல்லாம் பார்ப்பவர் அவர்.

ஆறு பேர் குனிந்து, தோள் கொடுத்து, நிமிர்ந்தார்கள். நிமிர்ந்த வேகத்தில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெனடிக் ஓரடி தடுமாறிப்போனான். பாரத்தை எதிர்பார்த்துத் தம் பிடித்திருந்தவனுக்குப் பாரம் வரவில்லை.

“என்ன அக்கா இது? தூக்கினமோ இல்லையோ எண்டே தெரியேல்லை!”

சனம் சிரித்தது. அவர்கள் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மற்றவர்கள் தூம்பாவின் அழகைப் பார்த்தார்கள். நான் குனிந்து அடிப்பக்கத்து ஒட்டுகளைப் பார்த்தபடி கூடவே நடந்தேன். ஒன்றும் அசையவில்லை.

இறக்கி வைத்ததும் மூப்பர் என் தலையில் கை வைத்து, “கெட்டிக்காரி” என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மதில் பக்கமாகத் தள்ளிப் போனார். ஒருவரோடு பேசி முடித்து இன்னொருவர், அவர் முடிய இன்னொருவர். என் வேலையைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

என் மனதில் ஒரே ஓர் ஆள்தான் நின்றான். என் தம்பி யூட். வியாழக்கிழமை ரயிலில் வருவான். வெள்ளிக்கிழமை இதற்குத் தோள் கொடுப்பான். அவன் தோளுக்காகத்தான் இதை இவ்வளவு இலேசாகச் செய்தேன்.

வருடத்தில் ஒரு தடவை

யூட் கல்யாணம் கட்டியது நீர்கொழும்பில். இருப்பதும் மனைவி வீட்டில்தான். நத்தார் அங்கே, புது வருடம் அங்கே, பிள்ளைகளின் பிறந்தநாளும் அங்கே. ஊருக்கு வருவது பெரிய வெள்ளிக்கு மட்டும். அதுவும் தூம்பா தூக்க.

பழைய தூம்பா பாரமான முதிரை மரம். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில், ஊரில் ஆம்பிளைகளுக்குக் குறைவே வராது என்ற நம்பிக்கையில் செய்து கொடுத்தது. பன்னிரண்டு பேர் வேண்டும். இப்போது ஊரில் பன்னிரண்டு நல்ல தோள் எங்கே இருக்கிறது? சண்டையில் போனது பாதி. கட்டார், கனடா என்று போனது மீதி. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களிலும் என்னைப் போன்ற பெண்களும் வயதானவர்களும்தான் அதிகம்.

ஆகவே பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலம் தொடங்கினால் மூப்பரும் போனில் தொடங்கிவிடுவார். கொழும்பு, சிலாபம், வவுனியா என்று எங்கெங்கோ இருக்கும் ஊர்ப் பிள்ளைகளைப் பிடிப்பார்.

“நீ வராட்டில் ஆண்டவர் நிலத்திலதான் கிடப்பார், பாத்துக்கொள்.”

இதைக் கேட்ட பிறகு யார் மறுப்பார்கள்? முதலாளி லீவு கொடுப்பார். மனைவி முணுமுணுக்க மாட்டாள். யூட் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். இரண்டு இரவு என் வீட்டில் தங்குவான்.

அக்காவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவன் ஒருநாளும் லீவு கேட்டதில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும், எந்தச் சாட்டில் வந்தால் என்ன, வருகிறானே என்று இருந்துவிடுவேன்.

அம்மாவை முகாமுக்குப் பக்கத்துச் சவக்காலையில் அடக்கிவிட்டு வந்தோம். சொந்த மண்ணில்தான் சாவேன் என்று பிடிவாதமாக என்னோடு கப்பலேறிய அப்பா, சொன்னபடியே செய்தார். நான் கல்யாணம் கட்டவில்லை. வீட்டில் இரண்டு கதிரைகள் உண்டு. ஒன்றில் நான் இருப்பேன். மற்றதில் என் வெல்டிங் கையுறைகள் கிடக்கும்.

முந்திய வருடத்துச் சனிக்கிழமைக் காலையை மறக்க மாட்டேன். யூட் சட்டையைக் கழற்றிவிட்டுக் குசினியில் குந்தியிருந்தான். இடது தோள் வீங்கிச் சிவந்து கிடந்தது. வேலைத்தளத்தில் விழுந்து அந்தத் தோள் எலும்பு ஒருமுறை வெடித்துப் பொருந்தியது. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:

“அடுத்த வருசம் தூக்க ஏலுமோ தெரியாது அக்கா.”

என் கை நின்றுவிட்டது. தோள் ஏலாது என்றால் அவன் வரமாட்டான். வருடத்தில் ஒரு தடவை என்பதும் இல்லாமல் போய்விடும். எனக்கு வந்த பயம் அதுதான்.

தகடு எங்கே கிழியும்

மழைக்காலம் முடிந்து சில நாட்களில் மூப்பர் என் பட்டறைக்கு வந்தார். பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டில். தலைமன்னார்ப் பக்கத்துப் படகுகளுக்கு மீன் பெட்டியும் எண்ணெய்த் தாங்கியும் அலுமினியத் தகட்டில் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

“பழசைக் கறையான் திண்டுபோட்டுது பிள்ளை. தூக்கவும் ஆக்கள் இல்லை. நீ பெட்டி அடிக்கிற தகட்டில பாரம் குறைச்சு ஒண்டு செய்யேலுமோ?”

என் காதில் தேன் பாய்ந்தது. ஏலும் என்றேன். யோசிக்கவே இல்லை.

கரைச்சல் பிறகுதான் வந்தது. கோயில் சபைக்காரர் கூடிக் கதைத்து ஒரு முடிவோடு வந்தார்கள். தடித்த தகடாகப் போட வேண்டும். ஒட்டையும் நல்ல தடிப்பாகப் போட வேண்டும். எங்கள் கரையில் எல்லாருடைய நம்பிக்கையும் அப்படித்தான். ஒட்டு கயிறு மாதிரிப் புடைத்து நின்றால்தான் அது பலம். மெல்லிய ஒட்டைக் கண்டால், இவள் காசுக்கு ஏற்ற மாதிரிச் செய்திருக்கிறாள் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இதற்குப் பதில் சொல்ல நான் திருச்சிக்குப் போக வேண்டும். முகாமில் இருந்த காலத்தில், அங்கே ஒரு பாத்திரத் தொழிற்சாலையில்தான் வெல்டிங் பழகினேன். ஒரு வருடம், பக்கத்துக் கல்லூரிக்காக எங்களைச் சோதனைத் துண்டுகள் ஒட்டித் தரச் சொன்னார்கள். பாதித் துண்டுகளைச் சாதாரண மின்னோட்டத்தில் ஒட்ட வேண்டும். மீதியைப் பல்ஸில், அதாவது துடிப்பு மின்னோட்டத்தில். பிறகு அவற்றை ஓர் இயந்திரத்தில் மாட்டி இரண்டு பக்கமும் இழுத்து அறுப்பார்கள். நான் ஒட்டியதை என் கண் முன்னாலேயே அறுத்தது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாதாரண ஒட்டில் கரண்ட் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். தகடு உருகும், சுற்றிலும் சூடு பரவும். நான் பாவிக்கும் தகடு, உப்புக்காற்றுக்குத் தாங்கும்படி மக்னீசியம் கலந்து, உருளைகளுக்கு இடையில் நசுக்கி நசுக்கி இறுக்கியது. அந்த இறுக்கம்தான் அதன் பலம். அதிகச் சூடு பட்டால் அது தளர்ந்துவிடும். ஒட்டு நன்றாகத்தான் இருக்கும்; பக்கத்துத் தகடு இளகிப்போயிருக்கும். பாரம் வந்தால் அங்கேதான் கிழியும். ஒட்டை எவ்வளவு தடிப்பாகப் போடுகிறோமோ அவ்வளவு சூடு, அவ்வளவு தளர்ச்சி.

பல்ஸில் கரண்ட் நாடி மாதிரி ஏறி இறங்கும். ஏறும்போது தகடு உருகும். இறங்கும்போது உருகியது கொஞ்சம் உறையும். மொத்தச் சூடு குறைவு. மெல்லிய தகடு கோணாது, ஓட்டை விழாது. ஒட்டின் மேல் மீன் செதில் போல வரி வரியாக விழும். கல்லூரிக்காரர் நுண்ணோக்கியில் காட்டினார்கள்: உள்ளே உலோகத்தின் மணிகள் பெரிது பெரிதாக வளராமல் குறுணல் அரிசி போலப் பொடியாக இருந்தன. பொடி மணி என்றால் பலம் கூட.

மெஷின் வாங்கினால் மட்டும் இதெல்லாம் நடந்துவிடாது. இறங்கும் கரண்டை மிகவும் குறைத்தால் ஒட்டு அடிவரை பிடிக்காது. இறங்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டால் தகட்டுக்கு ஆற நேரம் கிடைக்காது. பிறகு பழைய கதைதான். தகட்டுக்குத் தகடு பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மண் பீப்பாய்

இவ்வளவையும் சபைக்காரருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, “அது சரி பிள்ளை, ஒட்டைத் தடிப்பாப் போடு” என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, கையும் நிற்காது. அடுத்த ஞாயிறு இரண்டு துண்டுகளை ஒட்டி எடுத்தேன். ஒரே தகடு, ஒரே அகலம். ஒன்று சாதாரணம், தடித்த ஒட்டு. மற்றது பல்ஸ், மெல்லிய ஒட்டு. இரண்டையும் நடுவில் சின்னி விரல் அகலத்துக்கும் குறைவாக ஒடுக்கினேன். படகு திருத்தும் கொட்டகையின் கூரை வளையில் முதல் துண்டைக் கொழுவி, அதன் கீழே ஒரு வெறும் பீப்பாயைத் தொங்கவிட்டு, பெனடிக்கை மண் அள்ளிப் போடச் சொன்னேன்.

முதல் துண்டு, பீப்பாய் அரைவாசியைத் தாண்டியதும் அறுந்தது. ஒட்டில் அல்ல, ஒட்டுக்குப் பக்கத்தில். பீப்பாய் விழுந்த சத்தத்தில் கொட்டகைக்குள் படுத்திருந்த கழுதைகள் எழும்பி ஓடின.

பல்ஸ் துண்டு அந்த அளவைத் தாண்டியும் நின்றது. இன்னும் மண் போட்டோம், நின்றது. பிறகு மெல்ல இழுபட்டு, நீண்டு, அறுந்தது.

மூப்பர் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இவ்வளவுதானோ வித்தியாசம்?”

“இவ்வளவுதான் மூப்பர். இந்த இவ்வளவு இருந்தா நான் தகட்டை ஒரு படி மெல்லிசாப் போடுவன். தகடு மெல்லிசானா முழுத் தூம்பாவும் பாரம் குறையும்.”

அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“யூட்டின்ர தோளை நீங்கள் பாக்கேல்லை மூப்பர். போன வருசம் வீங்கிப்போய்க் கிடந்தவன். பாரமா செய்தா அவனால ஏலாது.”

மூப்பரின் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர் அவர்.

“அப்பிடியோ? பாவம் பெடியன், ஒரு வார்த்தை சொல்லேல்லையே. சரி, உன்ர விருப்பத்துக்குச் செய்.”

யாரும் பார்க்காத வேலை

இந்தப் பத்தியைச் சென்ற இதழில் வாசித்த ஒருவர், பட்டறையில் தனியாக வேலை செய்வது பயமில்லையா என்று கேட்டிருந்தார். பயமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன்: வெல்டிங் வேலையை யாரும் நின்று பார்க்க முடியாது. தச்சரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள், வலை பின்னுபவரோடு கதைத்துக்கொண்டு இருப்பார்கள். நான் ஒட்டத் தொடங்கினால், அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போவார்கள். முகமூடிக்குள் நானும் கறுப்புக் கண்ணாடியும்தான்.

அந்தத் தபசு காலம் முழுக்க அப்படித்தான் போயிற்று. ஐஸ் தொழிற்சாலை ஓடும் நேரம் கரண்ட் இறங்கிவிடும், பல்ஸ் குழம்பும். அதனால் மத்தியானத்தில், ஊர் படுத்துக் கிடக்கும் நேரத்தில் வேலை செய்தேன். காற்று வந்தால் ஒட்டைக் காக்கும் ஆர்கன் வாயுவைக் கலைத்துவிடும். கதவையும் அடைத்துச் சாக்கையும் தொங்கவிட்டேன். உள்ளே அவிந்தது. கோயில் ஒலிபெருக்கியில் புலம்பல் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

தோளில் வைத்துச் சுமக்கும் காவு தடிகளையும் அதே தகட்டை மடித்துத்தான் செய்தேன். தடி பெட்டியோடு சேரும் இடம்தான் உயிர்நிலை. முழுப் பாரமும் அந்த ஒட்டு வழியாகத்தான் தோளுக்குப் போகும். முன்பக்கத்து இடது தடிதான் யூட் வழக்கமாகத் தோள் கொடுக்கும் இடம். அதை ஒட்டிய நாளில் கை நடுங்குகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். விளிம்பை அராவி, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். கன்னத்துக்கு உறுத்தாதது தோளுக்கு உறுத்தாது.

யூட் இடையில் ஒருநாள் போன் எடுத்தான்.

“எப்பிடிப் போகுது அக்கா?”

“வந்து தூக்கிப் பார். அப்ப தெரியும்.”

“வியாழன் வாறன். பாரை மீன் கிடைச்சா எடுத்து வையுங்கோ, சனி காலமை சமைப்பம்.”

பல மாதங்களுக்குப் பிறகு அன்று நான் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். முகமூடிக்குள் பாடினால் சத்தம் காதுக்கே திரும்பி வரும். அது பெரிய கச்சேரி மாதிரி இருக்கும்.

இப்படித்தான் குருத்து ஞாயிறு வந்தது. ஆறு பேர் தூக்கினார்கள், சனம் சிரித்தது, மூப்பர் மதில் ஓரமாக நின்று போனில் பேசினார்.

கொழும்பு ரயில்

வியாழக்கிழமை வீட்டைக் கூட்டிக் கழுவினேன். கையுறைகளைக் கதிரையிலிருந்து எடுத்து ஆணியில் கொழுவினேன். பாரை மீன் ஒன்றைப் பெனடிக் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பிறகு ரயில் நிலையத்துக்குப் போனேன்.

ரயில் வந்தது. வேறு வருடங்களில் ஒரு பெட்டியிலிருந்தாவது எங்கள் பெடியள் கூட்டமாக இறங்கிச் சத்தம் போடுவார்கள். அன்று சில குடும்பங்களும் இரண்டு கடற்படைக்காரரும் இறங்கினார்கள். மேடை காலியாகும்வரை நின்றேன். பிறகு போன் எடுத்தேன்.

“யூட், எங்க நிக்கிறாய்?”

“வீட்டில அக்கா. மூப்பர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“என்ன சொல்லேல்லை?”

“ஞாயிற்றுக்கிழமையே போன் எடுத்துச் சொன்னவர். அக்கா செய்தது நல்ல இலேசு, ஆறு தோள் காணும், பன்னிரண்டு தேவையில்லை, ஊர்ப் பிள்ளையளே தூக்குவினம், தூரத்தில இருக்கிற ஆக்கள் மினக்கெட வேண்டாம் எண்டு. எனக்குத்தான் முதல் எடுத்தவராம். உன்ர தோளுக்கு இனி ஓய்வு குடு எண்டவர்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“இஞ்சையும் வேலை கூடத்தான் அக்கா. முதலாளி லீவு தர யோசிச்சவர். நீங்கள் பெரிய உதவி செய்துபோட்டியள்.”

“ஓம்” என்றேன்.

“அக்கா? கோவமோ?”

“இல்லைத் தம்பி. தோளைப் பாத்துக்கொள்.”

‘என்னைப் பார்க்க வா’ என்று அப்போது சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தைகள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டு, அவன் ஒரு காரணம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எதைச் சொல்லி என்னைத் தேற்றுவது?

மூப்பரிடமும் நான் சண்டைக்குப் போகவில்லை. எதற்காகப் போவது? என் தம்பியின் தோளுக்கு இரங்கியதற்கா? அவர் பார்க்கக் கரைச்சல் தீர்ந்தது. ஊருக்கும் தீர்ந்தது. வருடா வருடம் கெஞ்சிக் கெஞ்சி ஆள் சேர்க்கும் வேலை இனி இல்லை.

பெரிய வெள்ளி

பின்னேரம் திருவுருவத்தை இறக்கிக் கிடத்தினார்கள். கறுப்புத் துணி விரித்து, பூவும் வாசனைத் தூளும் தூவினார்கள். ஆறு பேர் தூக்கினார்கள். யூட் நிற்கும் இடத்தில் பெனடிக் நின்றான். நான் மெழுகுதிரியோடு பெண்கள் வரிசையில், தூம்பாவுக்குப் பின்னால் நடந்தேன்.

முன்பெல்லாம் இந்த ஊர்வலச் சுற்றுப் பிரகாரத்தில் எத்தனை நிறுத்தம்! பத்து வீடு தாண்ட முன் தோள் மாற்ற வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வியர்வையோடு விலக, அவர்களின் தாய்மார் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுப்பார்கள், முகம் துடைத்துவிடுவார்கள். அன்று தூம்பா நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போவது போலப் போயிற்று. எனக்கு முன்னால் நடந்த இரண்டு தாய்மாரின் மகன்மாரும் அந்த வருடம் வரவில்லை. ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். குறை சொல்லும் பார்வை இல்லை அது. குறை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடற்கரை வீதி திரும்பும் இடத்தில் தார் பெயர்ந்த குழி ஒன்று இருந்தது. பெனடிக்கின் கால் அதற்குள் போய்விட்டது. தூம்பா இடது பக்கமாகச் சரிந்து, முழுப் பாரமும் அந்த ஒரு மூலையில் இறங்கியது.

“ஆண்டவரே!” என்று பெண்கள் எல்லாரும் அலறினார்கள்.

நான் அலறவில்லை. முன்பக்கத்து இடது தடி பெட்டியோடு சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விடட்டும் என்று நினைத்தேன். பெரிய வெள்ளியன்று, கையில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஓர் ஒட்டு விடட்டும். அடுத்த வருடம் மரத் தூம்பாதான், பன்னிரண்டு பேர் வேண்டும் என்று மூப்பர் பழையபடி எல்லாருக்கும் போன் எடுக்கட்டும்.

பெனடிக் காலை இழுத்து நிமிர்ந்தான். தூம்பா நேரானது. ஒட்டு விடவில்லை.

அது விடாது. நான் போட்டது.